துரை சொல்லாமல் போன சொல்

மெக்கானிக் வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த படத்திலிருந்து காற்று வரத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு. அப்போது தெருவில் கரண்ட் இல்லை. இருந்திருந்தாலும் அந்த வீட்டு மின்விசிறி ஓடியிருக்காது. தெருவிலுள்ள விசிறிகளையெல்லாம் சரிசெய்கிற மனிதர், தன் வீட்டு விசிறியை மட்டும் ஆறு வருஷமாக "ஞாயித்துக்கிழமை பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

படத்தைக் கொண்டுவந்தது அவருடைய மகள். ஒன்பதாம் வகுப்பு, பட்டப்பெயர் சோடாபுட்டி. வெள்ளைக்காரர் காலத்து வாழ்க்கை பற்றி வரலாற்று டீச்சர் ப்ராஜெக்ட் கொடுத்திருந்தார். மற்ற பிள்ளைகள் ரயில் படத்தையும் கப்பல் படத்தையும் சார்ட்டில் ஒட்டி ஒரே நாளில் கைகழுவிவிட, இவள் மட்டும் நூலகத்துத் தூசியில் தும்மித் தும்மி ஒரு பழைய புகைப்படத்தைத் தேடிப்பிடித்து, பெரிதாக ஜெராக்ஸ் எடுத்துவந்தாள். சாப்பாட்டு மேஜை, துரை, துரைசானி, இரண்டு பிள்ளைகள், கூரையிலிருந்து தொங்கும் துணி விசிறி, நாற்காலிக்கடியில் நாய். கீழே எல்லோர் பெயரும் அச்சாகியிருந்தது, நாயின் பெயர் உட்பட. ஓரத்தில், கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, விசிறிக் கயிற்றைப் பிடித்த ஒரு கை மட்டும் தெரிந்தது. அதற்குப் பெயர் இல்லை. சோடாபுட்டி அந்தக் கையைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, 'இவர் யார்?' என்று எழுதினாள். உடனே காற்று கிளம்பியது.

அது நல்ல காற்று. சாயங்காலத்துக்குள் பாதித் தெரு கூடத்தில் உட்கார்ந்துவிட்டது. டைலரம்மா தையல் மெஷினையே தூக்கிவந்துவிட்டார். செய்தி பள்ளிக்கூடம் வரை போக, டீச்சர் வெள்ளிக்கிழமை நேரில் வருவதாகவும், காற்று மெய்தான் என்றால் நூற்றுக்கு நூறு என்றும் சொல்லியனுப்பினார். வரலாற்றில் இருபத்தெட்டைத் தாண்டாதவளுக்கு இது சாதாரண விஷயமா?

ஆனால் வியாழக்கிழமை நூலகத்திலிருந்து திரும்பியவளின் முகம் சரியில்லை. புதிதாக வரும் துரைசானிகளுக்காக அச்சிட்ட வீட்டு நிர்வாகப் புத்தகம் ஒன்றைப் படித்திருந்தாள். துரை 'போதும்' என்று சொல்லும்வரை விசிறி இழுப்பவன் கயிற்றை விடக் கூடாது என்று அதில் இருந்தது. அந்தத் துரையோ குடும்பம், நாய் சகிதம் அவசர அவசரமாகக் கப்பலேறியவர்.

"அப்பா, அவரை யாரும் நிறுத்தவே சொல்லலப்பா. இன்னும் இழுத்துட்டே இருக்காரு."

"அதுக்கு நாம என்னடி பண்றது?"

"போதும்னு சொல்லணும்."

டைலரம்மா வாயிலிருந்த ஊசியை எடுத்தார். "வெயில் முடியட்டும் கண்ணு. நூறு வருஷம் இழுத்தவருக்கு ரெண்டு மாசம் ஒரு பெரிய விஷயமா?"

"அப்ப நீங்க ஒரு மணி நேரம் இழுங்க அத்தை, பாக்கலாம்."

ஓடாத மின்விசிறியில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டுக் கயிறு கட்டினார்கள். டைலரம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தொடங்கினார். பதினோராவது நிமிஷம், "ஐயோ, என் தோளு!" என்று உட்கார்ந்துவிட்டார்.

"மார்க்கு போயிடும்டி," என்றார் அம்மா, மெதுவாக.

"தெரியும்மா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தின் அருகில் போனாள். "போதுங்க ஐயா. கையை விடுங்க."

காற்று நின்றது. கயிறு தளர்ந்தது. அந்தக் கை இருமுறை விரிந்து மூடியது, விரல்கள் சொடுக்குவது எல்லோர் காதிலும் விழுந்தது. பிறகு கதவுக்குப் பின்னால் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை வந்த டீச்சர் காற்றில்லாத படத்தை ஐந்து நிமிஷம் பார்த்தார், துரையின் நெற்றியில் வியர்வை துளிர்த்துச் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுவதையும் பார்த்தார். நூறு தருவதாகச் சொன்னது காற்றுக்குத்தான் என்பதால் அறுபத்தெட்டு போட்டார். மெக்கானிக் அந்த ஞாயிற்றுக்கிழமையே விசிறியைச் சரிசெய்தார்.

படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. நாய் நாக்கைத் தொங்கப்போட்டிருக்கிறது. கோடை வந்தால் கீழே ஒரு கிண்ணம் வைக்கிறார்கள். "துரைக்கு இன்னைக்குக் கொஞ்சம் ஜாஸ்தி," என்று சொல்லி அம்மா அதைக் கொட்டிக் கழுவி, மறுபடி வைத்துவிட்டு, வேலையைப் பார்க்கப் போகிறார்.