குழந்தைக் கட்டிலுக்கு அரக்கு

புதுப்பட்டினத்தில் பஸ் ஏறியதிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"இன்னா சடையண்ணா, சீட்ல முள்ளா கீது?" என்றான் குமார். என்னோடு பாலிஷ் வேலை பார்ப்பவன்.

அனு என்ற அம்மாவின் வீட்டில், அவர் பிள்ளைக்குச் செய்த தேக்குக் கட்டிலுக்கு மூன்று நாளாய்ப் பாலிஷ் போட்டோம். பிள்ளைக்குப் பல் முளைக்கிறது. எதைப் பார்த்தாலும் கடிக்கிறது. "வெறும் அரக்குதான் போடணும்ணே, கெமிக்கல் கூடாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். நானும் அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ஊறவைத்துத் துணியால் தேய்த்துத் தேய்த்துப் போட்டேன். ஆனால் கடலிலிருந்து மழைக்காற்று விடவே இல்லை. ஈரம் பட்டு மேல்சட்டம் முழுக்கச் சாம்பல் பூசினாற்போல் வெளுத்துப்போனது. அழித்துவிட்டுப் போட்டேன், மறுபடி வெளுத்தது. இன்று மத்தியானம் குமார் மெலமைன் என்கிற கெமிக்கல் பாலிஷ் டப்பாவைத் திறந்து மேலே ஒரு கோட் அடித்தான். கண்ணாடி மாதிரி ஆனது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"ராத்திரி அதுலதான் புள்ளைய படுக்க வெப்பாங்க."

"அதான் காஞ்சிடுச்சே."

"கடிச்சா உள்ள போவுமேடா. போனா இன்னா ஆவும்?"

"நான் இன்னா டாக்டரா? பேஜாரு பண்ணாம குந்துண்ணா."

எனக்கும் தெரியாது. இருபது வருஷமாய் அந்த வாடையில் நிற்கிறேன். கண் எரியும், அவ்வளவுதான் தெரியும்.

திருக்கழுக்குன்றத்தில் இறங்கிவிட்டேன்.

"லூசாண்ணா நீ! சொன்னா இனிமே எவன் கூப்புடுவான்?" ஜன்னலில் தலையை நீட்டிக் குமார் கத்தினான்.

எதிர்ப்பக்கம் பஸ் வரக் காணோம். உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன்.

புதுப்பட்டினம் திரும்பிப் போய்த் தட்டியதும் அனு கதவைத் திறந்தார். தோளில் பிள்ளை. கட்டிலில் மெத்தை விரித்தாகிவிட்டது. நடந்ததைச் சொன்னேன். குமார் பெயரைச் சொல்லவில்லை.

"போகும்போதுகூட கேட்டேனே, அரக்குதானேன்னு."

"கேட்டீங்கம்மா."

"தலைய ஆட்டுனீங்களே."

மெத்தையை அவரே ஒரு கையால் இழுத்துப்போட்டார்.

"சுரண்டுங்க. நான் இங்கயேதான் நிப்பேன்."

தகடு வைத்துச் சுரண்டினேன். மெலமைனோடு மூன்று நாள் அரக்கும் தூளாய் வந்தது. தோள் விட்டுப்போயிற்று. மேல்சட்டம், கம்பிகள், நாலு கால், எல்லாம் வெறும் மரமாயிற்று.

"அடிப்பக்கம்? அங்கயும் அடிச்சீங்களா?"

"இல்லன்னுதான் நெனைக்கிறேன்."

சொன்ன பிறகு அந்த வார்த்தையில் எனக்கே நம்பிக்கை வரவில்லை. கட்டிலைக் கவிழ்த்தேன்.