கடைசிப் பதினாறு பக்கம்

அந்த நாவலின் பெயரைச் சொன்னால் எந்தக் கூட்டத்திலும் பாதிப் பேர் "ஓ, படிச்சிருக்கேனே" என்று தலையாட்டுவார்கள். ஆட்டுகிற தலைகளில் முக்கால்வாசி படம் பார்த்த தலைகள். அதை இரண்டு தடவை படமாக எடுத்தார்கள், அதோடு புத்தகத்தைத் தொடுவார் இல்லாமல் போயிற்று. ஆகவே பெயர் கிடக்கட்டும், கதையைச் சொல்லிவிடுகிறேன். ஓர் அக்கா, தம்பிமேல் திருட்டுப் பழி போட்டு அவனை வீட்டைவிட்டு விரட்டுகிறாள். எடுத்தவன் அவன் இல்லை என்று பிற்பாடு தெரியவருகிறது. இருபது வருஷம் கழித்து ஒரு மழை நாளில் அவன் வந்து கதவைத் தட்டுகிறான். முதல் படத்தில், கதவை எட்டுவதற்குள் தம்பி செத்துப் போவான். சாவதற்கு முன் ஒரு முழுப் பாட்டும் பாடுவான். இரண்டாவது படத்தில் அக்கா கதவைத் திறந்து "சாப்பிட்டியா?" என்று கேட்பாள், தியேட்டரே மூக்கைச் சிந்தும். நாவலில் என்ன நடக்கிறது என்பது ரேடியோவுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் அவள்தான்.

ரேடியோ என்பது நூலகத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். பார்வையில்லாதவர்களுக்காகப் புத்தகங்களை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்வது அவள் வேலை. மாடியில் ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு அடைத்த பலகை. மின்விசிறி ஓடினால் அந்தச் சத்தமும் பதிவாகிவிடும் என்பதால் அதை நிறுத்திவிட்டு, வேர்த்து வடிய உட்கார்ந்து படிக்க வேண்டும். பதினெட்டு வருஷமாகப் படிக்கிறாள். குரல் தண்ணீர் மாதிரி, எங்கும் தடுக்காது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த நாவல் அவள் கைக்கு வந்தது. நூலகத்தில் இருந்தது ஒரே பிரதி, அதுவும் பழசு. பத்தொன்பது மணி நேரம் பதிவு செய்து முடித்து, கடைசி அத்தியாயத்துக்குப் பக்கத்தைப் புரட்டினால், அங்கே அட்டைதான் இருந்தது. பதினாறு பக்கம் காணோம். தையல் விட்டு எப்போதோ எங்கேயோ உதிர்ந்திருக்கிறது. வேறொரு நூலகத்தில் பிரதி இருந்தது. கடிதம் எழுதி வரவழைக்க இரண்டு வாரம் ஆகும். அந்த வருஷத்துப் பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தர வேண்டும் என்று நூலகர் கழுத்தில் உட்கார்ந்திருந்தார்.

அன்று வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னாள். அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். "நீதான் அந்த ரெண்டாவது படத்தை மூணு தடவை பாத்தவளாச்சே," என்றார். "கதை ஒண்ணுதானே? அதையே எழுதிப் படிச்சிடு. யாரு பக்கத்துல புஸ்தகத்த வச்சிக்கிட்டு ஒத்துப் பாக்கப்போறா?"

அவர்மேல் பழியைப் போட்டுவிடலாம், ரேடியோவும் ஆறு மாதம் அப்படிப் போட்டுப் பார்த்தாள். ஒட்டவில்லை. ஏனென்றால் முடிவை நாலே பக்கத்தில் இரண்டு சாயங்காலம் சமையலறை மேடையில் உட்கார்ந்து எழுதியபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பத்தொன்பது மணி நேரம் அந்த எழுத்தாளரின் வாக்கியங்களை வாயில் போட்டு மென்றவள் அல்லவா, அவர் மாதிரியே வந்து விழுந்தது. அவரைவிடக் கொஞ்சம் நன்றாகவே வந்துவிட்டதாகக்கூட ஒரு கணம் நினைத்தாள். பதிவைச் சரிபார்க்கிறவர் முன்னும் பின்னும் பத்துப் பத்து நிமிஷம் கேட்பார், அதுவும் இருமலும் காகிதச் சத்தமும் விழுந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். அவரே ஹெட்போனைக் காதிலிருந்து கழற்றிவிட்டுச் சொன்னார்: "அம்மா, மத்ததெல்லாம் படிச்சிருக்கீங்க. கடைசி அத்தியாயத்துல வாழ்ந்திருக்கீங்க." அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

நல்ல பிரதி ஒன்றை வாங்கி உண்மையான முடிவைப் படித்துவிட வேண்டும் என்று முதல் வாரம் நினைத்தாள். அடுத்த வாரம் வேறு புத்தகம் வந்தது. அப்புறம், படிக்கப் பயமாகிவிட்டது.

இப்போது சனிக்கிழமைக்கு வருவோம். நூலகத்தின் கீழ்க் கூடத்தில் மத்தியானம் மூன்று மணிக்குக் கூட்டம். 'ஒரு நாவலும் இரண்டு படங்களும்' என்று பேராசிரியர் ஒருவர் பேசப் போகிறார், நடுவே படக்காட்சிகளும் உண்டு. காட்சி உண்டு என்றதும் கூட்டம் அறுபது பேருக்கு மேல் சேர்ந்துவிட்டது. ரேடியோ நாற்காலிகளை வரிசை பார்த்துக்கொண்டிருந்தாள். "முன்னால நகந்து உக்காருங்க" என்று யாரிடமோ சொன்னாள். அவ்வளவுதான், வாசலில் ஒரு வெள்ளைக் கைத்தடி நின்றது.

"வாசிக்கிற அம்மாதானே?" என்றார் கைத்தடிக்காரர்.

ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷமாக டெலிபோன் இணைப்புக் கொடுக்கிறவர் அவர். யார் ஹலோ சொன்னாலும் ஆளைச் சொல்லிவிடுவார். கூடவே அவர் மனைவியின் தம்பி, படம் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தவன்.

"உங்க குரல்ல முப்பத்தோரு புஸ்தகம் கேட்டிருக்கேன்மா. அதுல இது ஒண்ணுதான் மனப்பாடம்," என்றார். "கடைசி அத்தியாயத்த மட்டும் பதினோரு தடவை கேட்டிருக்கேன். எனக்கும் எங்கண்ணனுக்கும் ரொம்ப வருஷமாப் பேச்சுவார்த்தை இல்ல. அத கேட்டுட்டுத்தான் போன வருஷம் நானே போயி அவன் கதவத் தட்டினேன்."

"தொறந்தாரா சார்?" என்று கேட்டாள்.

"தொறந்தான். திட்டினான், அப்புறம் காப்பி குடுத்தான். அது கெடக்கட்டும், இன்னைக்கு நானும் ரெண்டு வார்த்தை பேசலாம்னு இருக்கேன். படிச்சவங்க கூட்டம், நாமளும் படிச்சவன்தான்னு தெரியட்டுமே."

சொல்லியிருக்க வேண்டிய இடம் இதுதான். அந்த வாசற்படியில், மூன்று பேருக்குள் முடிந்திருக்கும். 'சார், அந்த முடிவு நான் எழுதினது' என்று ஐந்தே வார்த்தை. முப்பத்தோரு புத்தகத்தில் ஒரு சொல்லுக்கும் தடுக்காத வாய் அந்த ஐந்துக்கு மக்கர் செய்தது.

"கூட்டத்துல எதுக்கு சார்... நீங்க சும்மா உக்காந்து கேளுங்களேன்," என்றாள்.

"பாத்தியாடா," என்று மச்சினனிடம் சிரித்தார் அவர். "அவங்கள நான் மேடையில புகழ்ந்துடுவேன்னு வெக்கப்படறாங்க."

பேராசிரியர் நன்றாகத்தான் பேசினார். முதல் படத்தின் முடிவைத் திரையில் ஓட்டினார், தம்பி பாடிவிட்டுச் செத்தான். இரண்டாவது படத்தின் முடிவை ஓட்டினார். மழைச் சத்தம், தாழ்ப்பாள் சத்தம், "சாப்பிட்டியா?" டெலிபோன்காரர் முகம் மலர்ந்து நாற்காலி நுனிக்கு வந்துவிட்டதைக் கடைசி வரிசையில் நின்றிருந்த ரேடியோ பார்த்தாள்.

"இந்த ரெண்டுல நாவலுக்கு உண்மையா இருக்கறது எது? யாராவது சொல்றீங்களா?" என்றார் பேராசிரியர்.

கூடம் கப்சிப் என்று ஆயிற்று. படித்திருந்தால்தானே! டெலிபோன்காரர் கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"ரெண்டாவதுதாங்க. சினிமாக்காரங்க ஒரு எழுத்தக்கூட மாத்தல. நான் சொல்றேன் கேளுங்க." தொண்டையைச் செருமிக்கொண்டு ஒப்பித்தார்: "'அவள் தாழ்ப்பாளை இழுத்தாள். இருபது வருஷத்து மழையும் அந்த ஒரு வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தது. சாப்பிட்டியா, என்றாள்.'"

ரேடியோவின் வரிகள். வெட்கக்கேட்டைச் சொல்லாமல் விட முடியாது: முதலில் அவளுக்குப் பெருமையாக இருந்தது. ஒரு விநாடிதான், ஆனாலும் இருந்தது.

பேராசிரியர் புன்னகைத்தார். "நல்லா சொன்னீங்க சார். ஆனா நீங்க சொல்றது படம். நாவல்ல அவ கதவத் தொறக்கறதே இல்ல."

"இல்லீங்க, தொறக்கறா. நான் பதினோரு தடவை..."

"தொறக்க மாட்டா சார். இந்த நாவலோட பேரே அதனாலதான் நிக்குது."

முன் வரிசையில் ஒருவர் சிரித்தார். அவரைப் பார்த்துப் பக்கத்து ஆள், அப்புறம் வரிசை வரிசையாக. ஒரு பக்கம்கூடப் புரட்டாத ஜனங்கள், என்னவோ தினம் காலையில் பாராயணம் செய்கிறவர்கள் மாதிரி சிரித்தார்கள். மச்சினன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "உக்காருங்க மச்சான், மானத்த வாங்காதீங்க. படம் பாத்த ஞாபகத்துல சொல்றீங்க."

"நான் எங்கடா படம் பாத்தேன்?" என்றார் அவர்.

அதற்கும் சிரித்தார்கள். அவர் உட்காரவில்லை. காதோரம் சிவந்து நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் நூறு டாக்டர்களை அதட்டுகிற குரல் சின்னதாகிவிட்டது. "இந்த நூலகத்துல பதிவு பண்ணதுதாங்க. வாசிச்ச அம்மா இங்கதான் இருக்காங்க. அவங்களையே கேளுங்க, அவங்க சொல்லட்டும்."

"அட, ரொம்ப நல்லதாப் போச்சு!" என்று எழுந்தார் நூலகர், விஷயம் தெரியாத மனுஷர். "எங்க ரேடியோ அம்மா வந்து கடைசிப் பக்கத்தப் படிச்சுக் காட்டுவாங்க, சந்தேகம் தீந்துடும்." எல்லாரும் கைதட்டினார்கள்.

கடைசி வரிசையிலிருந்து மேடை மேசை வரைக்கும் முப்பது அடி இருக்கும். பேராசிரியர் தன் பிரதியை விரித்து நீட்டினார். வாங்கிப் பார்த்தாள். பதினாறு பக்கமும் இருந்தன. கடைசிப் பக்கத்துக் கீழ்ப்பாதி வெறுமையாக இருந்தது. எழுத்துகள் கொஞ்ச நேரம் எழுத்தாகவே தெரியவில்லை. இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இறங்கிவிடலாம். அவர் தப்பாகக் கேட்டுவிட்டார் என்று ஆகும், கூட்டம் கலையும், திங்கட்கிழமை வேலைக்கு வரலாம். கீழே டெலிபோன்காரர் இன்னும் நின்றபடி, குரல் வரப்போகும் திசைக்குக் காதைக் கொடுத்திருந்தார். அந்த முகத்தில் ஒரு பொட்டுச் சந்தேகம் இருந்திருந்தால் ஒருவேளை அவள் இறங்கியிருப்பாள்.

"இந்தப் பக்கத்த நான் இப்பத்தான் முதல் தடவையாப் பாக்கறேன்," என்றாள் ரேடியோ.

நூலகர் அசட்டுத்தனமாகச் சிரித்தார். அவள் நிறுத்தவில்லை. பக்கம் உதிர்ந்தது, வெள்ளிக்கிழமை, படத்தைப் பார்த்துத் தானே எழுதியது, எல்லாம் சொன்னாள். குரல் எங்கெங்கோ தடுக்கியது. "சார் சொன்னதுல ஒரு சொல்லும் தப்பில்ல. நான் படிச்சத அப்படியே சொன்னாரு. தப்பாப் படிச்சது நான். சிரிக்கறதுன்னா என்னப் பாத்துச் சிரிங்க."

யாரும் சிரிக்கவில்லை. நூலகர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெலிபோன்காரர் மெல்ல உட்கார்ந்தார்.

"படிங்க," என்றார். "பதினாறு பக்கமும் படிங்க."

படித்தாள். அரை மணிக்கு மேல் ஆயிற்று. படக்காட்சி முடிந்துவிட்டதால் ஜனங்கள் இரண்டு மூன்று பேராக எழுந்து போனார்கள். மச்சினன் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தான். கடைசிப் பக்கம் வந்தது. 'தட்டும் சத்தம் நின்றது. அவள் கை தாழ்ப்பாளின் மேலேயே இருந்தது. கோபம் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. திறந்தால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அதுதான் அவளால் முடியவில்லை.' இரண்டு படக்காரர்களும் சரி, சமையலறை மேடையில் உட்கார்ந்து எழுதிய தானும் சரி, யாருமே இந்த அக்காவை அறியவில்லை என்று ரேடியோவுக்கு அப்போது புரிந்தது. புத்தகத்தை மூடினாள்.

டெலிபோன்காரர் எழுந்து, கைத்தடியால் தடவி மேடை அருகே வந்தார். மன்னிப்புக் கேட்க அவள் வாயெடுத்தாள். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"நல்ல முடிவு," என்றார். "இத கேட்டிருந்தா அண்ணன் வீட்டுக்குப் போயிருக்க மாட்டேன். அது வேற விஷயம். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும்மா. மத்த முப்பது புஸ்தகம்?"

"ஒரு வரிகூட மாத்தல சார். சத்தியமா."

அது உண்மை. ஆனால் அந்த நாலு பக்கத்தையும் இதே குரலில்தான் படித்திருந்தாள். அவர் சற்று நேரம் தலையைச் சாய்த்து, எங்கேயாவது தடுக்குகிறதா என்று கேட்கிறவர் போல நின்றார். பிறகு "சரிம்மா" என்று சொல்லிவிட்டு, மச்சினன் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.