மாடு போனால் அடிக்கும் மணி

இது மார்கழியில் நடந்ததா தையில் நடந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. யார் எதைச் சொன்னார்கள் என்பதிலும் தவறியிருக்கலாம். ஒட்டுசுட்டான் பக்கம் காலபோக நெல் பால்பிடித்திருந்தது என்பது மட்டும் சரி. அந்த மணத்துக்கு யானை வராமல் என்ன செய்யும்?

யதுர்ஷிகாவுக்கு வேண்டியது ஒன்றுதான். அப்பா தவராசா வீட்டில் படுக்க வேண்டும். ஒரு மாதமாக அவர் இருமலோடு வயற்கரைப் பரணில் காவல் கிடந்தார். யானைவேலியில் மின்சாரம் நின்றவுடன் கைபேசி அலறுமென்றால் பரண் எதற்கு? செய்து காட்ட, ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பு வெள்ளிவரை தவணை கொடுத்தது.

வேலியின் மின்னளவு ஏற்கெனவே தூரத்துச் சேர்வர் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை நிமிடத்துக்கொருமுறை விசாரித்து, மின்சாரம் இல்லையென்றால் அமைப்பினருக்கு அழைப்பெடுக்கும் சிறு நிரலை அவள் கொன்டெய்னர் இமேஜாகக் கட்டி, அமைப்பின் பழைய கணினியில் ஓடவிட்டாள்.

“கொன்டெய்னரோ? கப்பலிலையோ வந்தது?” என்றார் தவராசா.

“சோத்துப் பார்சல் மாதிரியப்பா. நிரலுக்கு வேண்டினதெல்லாம் உள்ளுக்கையே இருக்கும். எந்தக் கணினியிலையும் பிரிக்கலாம்.”

காலை ஆறுக்கு மாடுகள் காட்டுக்கு மேயப் போகும். அதற்காக வேலியை நிறுத்திவிட்டு, மாலை ஆறுக்கு அவை திரும்பியதும் போடுவது ஊர் வழக்கம். அந்தப் பன்னிரண்டு மணித்தியாலமும் பேசாதே என்று நிரலுக்குச் சொல்லிவைத்திருந்தாள்.

மறுநாள் காலை ஆறுக்கே கைபேசி அலறியது. பதினொன்றரைக்குத்தான் ஓய்ந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. அமைப்பின் தலைவி விமலேஸ்வரி வீட்டு வாசல் படலையடிக்கே வந்துவிட்டார்.

“பிள்ளை, போனது என்ர சிவப்பி. அதுக்குத் தும்பிக்கை இல்லை.”

“பாக்கிறன் அன்ரி.”

“கெதியாப் பார். உன்ர கொப்பர் பரண் கூரைக்குப் புதுக் கிடுகு கேக்கிறார்.”

இமேஜை மறுபடி கட்டினாள். இணையம் ஊர்ந்து ஊர்ந்து அரை நாளைத் தின்றது. பலனில்லை. மூன்றாம் நாள் திரையின் முன் குந்தியிருந்தாள். தவராசாவும் தேத்தண்ணியோடு பக்கத்தில் வந்து இருந்தார். பதினொன்றரைக்கு அலறல் நின்றது. அது ஏன் தினமும் பதினொன்றரை? கொன்டெய்னருக்குள் நேரம் என்னவென்று கேட்டாள். காலை ஆறு என்றது.

அவளுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. உள்ளே ஓடுவது கிறீன்விச் நேரம், இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் பிந்தியது. அப்படியென்றால் இரவு பதினொன்றரை வரை அது வாய் திறக்காது. யானை வருவதோ ஏழுக்கு.

“அப்பா, பார்சலுக்குள்ளை எங்கட நேரத்தை வைக்க மறந்திட்டன்.”

“உப்பில்லாத சோறு,” என்றார் அவர்.

இலங்கை நேரத்துக்கு ஒரு வரி சேர்த்துப் புது இமேஜ் கட்டினாள். வெள்ளி காலை மாடுகள் போயின, கைபேசி மூச்சுவிடவில்லை. மாலை ஏழுக்கு விமலேஸ்வரி தன் கையாலேயே வேலியை நிறுத்திப் பார்த்தார். ஒரு நிமிடத்துக்குள் கைபேசி அலறியது. தவராசா பரணில் ஏறி, பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்.

அந்தப் போகத்தில் வேலி இருமுறை அறுந்தது. இருமுறையும் ஆட்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தவராசாவின் இருமல் பங்குனியில் விட்டது. விமலேஸ்வரி இன்னும் தலைவிதான். சிவப்பி கன்று போட்டது. யதுர்ஷிகா இப்போது வவுனியாவில் வேலை செய்கிறாள். செட்டிகுளத்தில் வேறு இரண்டு வேலிகளையும் அவளே பார்த்துக்கொள்கிறாள்.