கை அசைந்தால் ஓடும் கடிகாரம்

அந்தக் கடைத்தெருவில் அவளுக்கு எல் போர்டு என்றுதான் பெயர். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவள். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். அதை மிதிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தெருவோரம் படுத்திருக்கும் நாய் எழுந்திருக்கலாமா என்று யோசிக்கும்போதே இவள் கால் இறங்கிவிடும். வீட்டிலும் இதே கதைதான் என்பது அவள் அம்மாவின் நெடுநாள் புகார்.

அப்பா பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வாட்ச்சைப் பார்த்து விசில் ஊதினால்தான் பஸ் நகரும். டிரைவர்கள் டீயைக் குடித்தும் குடிக்காமலும் ஓடிவருவார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷர் ஒருநாள் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, கால் மெல்லத் திரும்பி வந்தது, இடது கை மட்டும் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி மடியில் கிடந்தது.

"முதல் சில மாசந்தான் முக்கியம்" என்றார் பிசியோதெரபிஸ்ட். "கைக்கு வேலை கொடுத்துக்கிட்டே இருந்தா திரும்பி வர வாய்ப்பு இருக்கு. விட்டுட்டா அப்படியே படுத்துடும்." அமுக்கிப் பழக ஒரு ஸ்பாஞ்ச் பந்தும் கொடுத்தனுப்பினார். எல் போர்டுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. அந்தக் கை வருமா வராதா என்பதைத் தவிர அவள் மனதில் வேறு எதுவும் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்த அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். விழுந்தபோது பழைய வாட்ச் உடைந்துவிட்டது. வேறு வேண்டும். "பேட்டரி வேணாம்மா. காதுல வச்சா சத்தம் கேக்கணும்."

பழைய வாட்ச்சுகளை வாங்கி, பிரித்துச் சுத்தம் செய்து விற்கும் கடை ஒன்று டிரைவிங் ஸ்கூலுக்கு எதிரிலேயே இருந்தது. நடத்துபவர் ஒரு பெண்மணி. கண்ணில் பூதக்கண்ணாடி, வாயில் ஓயாத பேச்சு. தெருவே அவரை வாட்ச்சம்மா என்றழைத்தது. ஒரு தட்டு நிறைய வாட்ச்சுகளை எடுத்து வைத்தார்.

எல் போர்டுக்கு வாட்ச்சைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பழைய கார் வாங்குவதில் கெட்டிக்காரி. மீட்டரில் குறைந்த கிலோமீட்டர் காட்டும் வண்டியில் பெடல் ரப்பர் தேய்ந்திருந்தால் விற்பவன் கதை விடுகிறான் என்று அர்த்தம். அதே கண்ணோடு தட்டைப் பார்த்தாள்.

"இதோட உடம்பெல்லாம் கீறல். முகம் மட்டும் எப்படி இப்படிப் பளபளன்னு இருக்கு?"

"புதுசா பெயின்ட் அடிச்சிருக்காங்க. நான் இல்ல, எனக்கு வித்தவன்" என்றார் வாட்ச்சம்மா. "உன்கிட்ட வியாபாரம் பண்றதுக்கு நான் ரெண்டு கடை நடத்தலாம்."

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று சாவி கொடுக்கிற வாட்ச். பக்கவாட்டுத் திருகைத் தினமும் சுற்றினால்தான் ஓடும். இன்னொன்று ஆட்டோமேட்டிக். உள்ளே அரைவட்டத் தகடு ஒன்று இருக்கிறது. கை அசைய அசைய அது சுழன்று ஸ்பிரிங்கைத் தானே முறுக்கிக்கொள்ளும்.

"சாவி வாட்ச்தான் எனக்குப் பிடிச்சது. ஆனா அதைக் கையில கட்டிக்கிட்டே சுத்தக் கூடாது, தண்டு வளைஞ்சிடும். கழட்டி ஒரு கையில பிடிச்சுக்கிட்டு மறு கையால கொடுக்கணும்."

மறு கை. எல் போர்டு யோசிக்கவே இல்லை. அப்பாவுக்கு அந்தச் சிரமம் எதற்கு? ஆட்டோமேட்டிக்கைக் காட்டி, "இதையே கொடுங்க" என்றாள். கால் பிரேக்கில் இறங்கியாகிவிட்டது.

வாட்ச்சம்மா அதை முழுதும் பிரித்துக் கழுவி, எண்ணெய் வைத்து, படுக்க வைத்தும் நிற்க வைத்தும் சில நாள் ஓடவிட்டுப் பார்த்த பிறகே கொடுத்தார். அப்பா வழக்கம்போல இடது மணிக்கட்டை நீட்டினார். நீட்டினார் என்பது சும்மா. வலது கையால் இடது கையைத் தூக்கிக் கொடுத்தார். அவள் கட்டிவிட்டாள். காதருகே கொண்டுபோய்க் கேட்டுவிட்டு, வீடு திரும்பியதிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

இரண்டே நாளில் வாட்ச் நின்றுவிட்டது. எடுத்துக்கொண்டு ஓடினாள். வாட்ச்சம்மா பிரித்தார், ஒரு குறையும் இல்லை, மூடிக் கொடுத்தார். மறுபடி நின்றது. மறுபடி ஓடினாள். இந்தத் தடவை வாட்ச்சம்மா அதைத் தன் கையிலேயே கட்டிக்கொண்டு ஒரு வாரம் வேலை பார்த்தார். அது குதிரை மாதிரி ஓடியது.

"என் கையில ஓடுது. உங்கப்பா கையில ஓடலன்னா நான் வாட்ச்சைப் பிரிச்சு என்ன பண்றது?" என்று சலித்துக்கொண்டார்.

அவர் எரிச்சலில்தான் சொன்னார். எல் போர்டுக்கு அப்போதுதான் புரிந்தது. வாட்ச்சில் கோளாறில்லை. கை அசையவே இல்லை. "பந்து அமுக்கினீங்களா?" என்று தினமும் கேட்டாள்; "ஆச்சும்மா" என்று தினமும் பதில் வந்தது. அன்று மாலை சோபாவைத் தள்ளிப் பார்த்தாள். பந்து அடியில் கிடந்தது, தூசி போர்த்திக்கொண்டு.

அவள் சண்டை போடவில்லை. பந்தைக் கழுவி அப்பா பக்கத்தில் வைத்தாள். "கை அசைஞ்சா வாட்ச் ஓடும்ப்பா. அசையலன்னா நின்னுடும். அதுகிட்ட பொய் சொல்ல முடியாது."

மறுநாளிலிருந்து வாட்ச் நிற்கவே இல்லை. எல் போர்டுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரம் அவளிடம் கார் பழகியவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ரிவர்ஸில் சுவரை உரசியவரைக்கூட, "பரவாயில்ல, சுவர்தானே" என்று விட்டுவிட்டாள்.

ஒருநாள் மாலை அப்பாவின் மணிக்கட்டில் வார் இறுக்கமாக இருப்பதைப் பார்த்துத் தளர்த்தப் போனாள். வாரின் ஓட்டைகளில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. சுரண்டினாள். கோதுமை மாவு.

சமையலறையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.

"அம்மா, இங்க வா."

அம்மா வாசற்படி வரைக்கும்தான் வந்தாள். "என்னைப் பார்க்காதடி. நீ கிளம்பினதும் அவருதான் கழட்டிக் கொடுப்பாரு. போட்டுக்கிட்டு வீட்டு வேலை செய்யி, அவ வர்றதுக்குள்ள திருப்பிக் கொடுத்துடுன்னாரு. பெருக்கும்போது நல்லாவே ஓடுது."

சிரிப்பு வரவேண்டிய இடம்தான். எல் போர்டுக்கு அழுகை வந்தது. "ஏம்ப்பா?"

அப்பா வலது கையால் இடது கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். "வாட்ச் நின்னா நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்கிற. என்னால அதைப் பார்க்க முடியல. பந்தை அமுக்கிப் பார்க்காம இல்லம்மா. அமுக்குறேனா இல்லையான்னு எனக்கே தெரியல. விரல் கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருக்கு. நகர்ந்துச்சான்னு யாரைக் கேக்குறது? பந்து ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது."

பந்து ஒன்றும் சொல்வதில்லை என்பதையே அன்று இரவு அவள் நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள். காலையில் கடை திறக்கும்போதே போய் நின்றாள். "இதை எடுத்துக்கிட்டு அந்தச் சாவி வாட்ச்சைக் கொடுங்க. திருகு கொஞ்சம் பெரிசா இருக்கணும், விரலுக்குப் பிடிமானமா."

வாட்ச்சம்மா ஏன் என்று கேட்கவில்லை, அதிசயந்தான். சொரசொரப்பான பெரிய திருகு ஒன்றைத் தேடி மாட்டி, லேசாகச் சுற்றும்படி எண்ணெய் வைத்துக் கொடுத்தார்.

எல் போர்டு அதை அப்பாவின் வலது உள்ளங்கையில் வைத்தாள். "இந்தக் கை பிடிச்சுக்கட்டும். அந்தக் கை சாவி கொடுக்கட்டும். நான் பார்க்க மாட்டேன், கேக்க மாட்டேன். தொடையிடுக்குல வச்சு வலது கையால கொடுத்தாலும் எனக்குத் தெரியப்போறதில்ல." அம்மாவிடம், "நீ தினம் காலையில திருகை வெளியே இழுத்து மணி மட்டும் சரி பண்ணி வை. சாவி கொடுத்த, அவ்வளவுதான்" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, சும்மா இருப்பது லேசா? அவள் விடியலிலேயே வகுப்புக்குப் போய்விடுவாள், மாலையில் திரும்புவாள். வந்ததும் ஓரக்கண்ணால் பார்ப்பாள். வினாடி முள் ஓடுகிறதா? ஓடவில்லை. மறுநாளும் ஓடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கால் துடித்தது, மிதிக்கவில்லை. சாப்பிட்டாள், ஊர்க்கதை பேசினாள், படுத்தாள். உள்ளுக்குள் நம்பிக்கை கரைந்துகொண்டே வந்தது. அப்பாவை மறுபடி காட்ட வேண்டிய நாளும் நெருங்கியது. பிசியோதெரபிஸ்டிடம் என்ன சொல்வது என்று இப்போதே பயமாக இருந்தது.

ஒரு மாலை அவளுக்குத் தாங்கவில்லை. மேஜைமேல் நின்று கிடந்த வாட்ச்சைக் கையில் எடுத்தாள். நாமே நாலு சுற்றுச் சுற்றிவிட்டால் என்ன என்று விரல் திருகுக்குப் போய்விட்டது.

"சுத்தாத" என்றார் அப்பா. பஸ் ஸ்டாண்டுக் குரல். "எங்க நின்னிருக்குன்னு பாரு."

அவள் இத்தனை நாளும் ஓடுகிறதா இல்லையா என்றுதான் பார்த்தாள். எங்கே நின்றது என்று பார்க்கவே இல்லை. பன்னிரண்டைத் தாண்டி முள் நின்றிருந்தது.

"காலையில எட்டுக்கு சாவி கொடுக்குறேன். முதல் நாள் எட்டேகாலுக்கே நின்னுடுச்சு. அப்புறம் ஒன்பது. நேத்து பதினொண்ணே முக்கால். மதியத்தைத் தாண்டட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

அவளுக்கு மெல்லத்தான் உறைத்தது. வலது கையால் முழுதும் முறுக்கியிருந்தால் இது நாளைக் காலைவரை ஓடியிருக்கும். நடுப்பகலில் நின்றுவிட்டது என்பதே போதும், சுற்றியது எந்தக் கை என்று சொல்ல. அவள் அடக்கிக்கொள்ளவில்லை, நன்றாகவே அழுதாள். சமையலறையிலும் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது.

"கண்ணைத் தொடச்சுக்கோ" என்றார் அப்பா. "நாளைக்கு ஒரு மணி வரைக்கும் ஓட்டலாம்."

அவள் திருகிலிருந்து விரலை எடுத்தாள். வாட்ச்சை, அது நின்ற இடத்திலேயே நிற்கட்டும் என்று, மேஜைமேல் பழையபடி வைத்தாள்.