தினமும் வீட்டில்தான்

“போன மாசம் சர்க்கரை எங்க வாங்கினீங்க?”

கூண்டில் நின்ற ஆனந்தராஜுக்கு இந்தக் கேள்வி எங்கிருந்து முளைத்தது என்றே விளங்கவில்லை. அசல், வட்டி, புரோநோட்டு என்று எல்லாவற்றுக்கும் பதிலை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தான். சர்க்கரைக்கு எதுவும் வைத்திருக்கவில்லை.

‘வெண்மதி பந்தல்’ என்று மகள் பெயரில் நடத்திய தொழில் நொடித்துப்போய், செஞ்சி கோர்ட்டில் மஞ்சள் கடுதாசி கொடுத்திருந்தான். திவால் என்று கோர்ட் சொல்லிவிட்டால் கடன் கொடுத்தவர்கள் அவனை விரட்ட முடியாது. ஆனால் அவன் செஞ்சியில் குடியிருந்தால்தான் இந்த கோர்ட்டில் மனு நிற்கும். சங்கடமே அங்கேதான். ஐந்து மாதமாக அவன் மனைவி கவிதாவோடும் மகளோடும் ஆரணியில் ஒற்றை அறையில் இருக்கிறான். வாடகைக்கு விடும் பந்தல் நாற்காலிகளை எல்லாம் கடனுக்கு அள்ளிக்கொண்டு போனதும் போதாமல், பைனான்ஸ் வெற்றிவேல் பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தி, தோழிகள் முன்னால் வெண்மதியிடம், “உங்க நைனா எங்க ஒளிஞ்சிக்கினு இருக்கான்?” என்று கேட்டான். அந்த வாரமே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அந்தப் பெண் இப்போதுதான் மறுபடி தலைநிமிர்ந்து பள்ளிக்குப் போகிறது. ஆரணி என்ற பெயர் வெளியே வந்தால் மனுவும் போகும், அங்கேயும் வண்டி வந்து நிற்கும்.

வெற்றிவேலின் வக்கீல் சிவசங்கர் அதட்டுகிற ஆள் இல்லை. கல்யாண வீட்டில் சொந்தக்காரரை விசாரிப்பது போலத்தான் பேசினார்.

“உங்க கார்டுக்கு அஞ்சு மாசமா செஞ்சி ரேஷன் கடையில ஒண்ணுமே வாங்கல. அப்ப எந்த ஊர்ல வாங்கறீங்க?”

எந்த ஊர்க் கடையிலும் வாங்கலாம் என்று கவிதாதான் கார்டை எடுத்துக்கொண்டு போனாள். ஆதாரில் விலாசத்தை மாற்றாமல், வீட்டு வரியைத் தவறாமல் கட்டி, பார்த்துப் பார்த்துச் செய்தவன் பருப்பையும் சர்க்கரையையும் மறந்து தொலைத்தான். கடைசி பெஞ்சில் வெற்றிவேல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“கார்டு எங்கிட்ட இல்லீங்க. சம்சாரம் எடுத்துக்கினு போயிட்டா.”

“எங்க போனாங்க?”

“சண்ட போட்டுக்கினு போயிட்டா. எங்கன்னு தெரியாதுங்க.”

“மகள்?”

“அவ கூடத்தான்.”

நீதிபதி சொல்லச் சொல்ல, தட்டச்சர் அடித்தார்: ‘என் மனைவி என்னைப் பிரிந்து சென்றுவிட்டார். அவரும் என் மகளும் இருக்குமிடம் எனக்குத் தெரியாது.’ காலையில் அவனுக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்து, பஸ்ஸுக்குச் சில்லறையும் எண்ணிக் கொடுத்தவள், இரண்டே வரியில் அவனை விட்டுப் போய்விட்டாள்.

“அப்ப அந்த வீட்ல தனியாத்தான் இருக்கீங்க?”

“ஆமாங்க.”

“தினமும்?”

“தினமும் வீட்லதாங்க.”

வழக்கு அடுத்த வாய்தாவுக்குத் தள்ளிப்போனது. தப்பித்தோம் என்று படியிறங்கியவனை வெற்றிவேல் வழிமறித்தான்.

“தெனமும் வூட்லதான் இருக்கறியாமே? ரொம்ப நல்லதாப் போச்சு! இனிமே நானும் தெனமும் வந்து பாத்துட்டுப் போறேன்.”

பஸ் ஸ்டாண்டில் ஆரணி பஸ் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. ஆனந்தராஜ் அதைத் திரும்பியும் பார்க்காமல் கடந்தான். பின்னால் வெற்றிவேலின் வண்டி ஊர்ந்து வந்தது. வீட்டுப் பூட்டு துருவேறி, நான்கு தடவை திருகிய பிறகே திறந்தது. கரண்ட்டை எப்போதோ பிடுங்கியிருந்தார்கள். தூசி படிந்த தரையில் அவன் காலடிகள் மட்டும் பதிந்தன. தான் சொன்ன பொய்க்குள் தானே குடிவந்துவிட்டது அவனுக்குப் புரிந்தது.

போன் அடித்தது.

“நைனா, பஸ் ஏறிட்டியா? உனுக்கும் சேத்து உல வெக்கட்டுமான்னு அம்மா கேக்குது.”

அவன் ஜன்னலை விரல் அகலம் திறந்து பார்த்தான். எதிர் டீக்கடை வாசலில் வெற்றிவேல் ஒரு சிவப்பு நாற்காலியை இழுத்துப் போட்டான். அதன் முதுகில் வெள்ளை பெயிண்டில் ‘வெண்மதி பந்தல்’ என்று எழுதியிருந்தது. அந்த எழுத்தின் மேல் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, இவன் வாசலைப் பார்த்தபடி அவன் ஒரு டீ சொன்னான்.

“நைனா? லைன்ல இருக்கறியா?”