ஆறு மணி லாரி

சட்டையின் கழுத்துப் பொத்தான் சேரவில்லை. பின்மண்டையில் போட்டிருந்த கட்டு கழுத்து வரைக்கும் இறங்கியிருந்தது. அக்கா இரண்டு முறை முயன்று பார்த்தாள்.

"விட்டுடுங்கம்மா. மேல துணி போத்திடுவோம், தெரியாது" என்றார் பிணவறை ஊழியர்.

அவளுக்கு விட மனமில்லை. எத்தனை வெயிலிலும் எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொள்கிறவன் தம்பி. கட்டுக்கும் காலருக்கும் நடுவில் ஒரு விரலை நுழைத்து, நெகிழ்த்தி, பொத்தானைத் தள்ளினாள். சேர்ந்தது. அதற்கப்புறம்தான் அந்தக் கழுத்தின் குளிர்ச்சி விரலுக்கு உறைத்தது.

தம்பி மனைவி வெளியே பெஞ்சில் இருந்தாள். உள்ளே வரமாட்டேன், வீட்டுக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். கையில் தம்பியின் செருப்பு இருந்தது. யார் கொடுத்தார்கள் என்று அவளுக்கே தெரியவில்லை.

நடந்தது நேற்று சாயங்காலம். தம்பி ஒரு பார்சல் கிடங்கில் சூப்பர்வைசர். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில், லாரியில் சரக்கு ஏற்றும் மேடையில் நின்றிருந்தவனை, அங்கே மூட்டை தூக்கும் ஒட்டடை என்பவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளியிருக்கிறான். மல்லாக்க விழுந்தவனின் தலை கீழே இருந்த இரும்பு விளிம்பில் மோதியது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. ஒட்டடை ஓடவில்லையாம். இறங்கிப் போய், தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஆம்புலன்ஸும் போலீஸும் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தானாம்.

வேறு யாராக இருந்தாலும் அக்கா வாய்க்கு வந்தபடி சபித்திருப்பாள். ஒட்டடை என்று கேட்டதும் வாய் அடைத்துப்போயிற்று. உயரமும் ஒல்லியுமாக இருப்பதால் வந்த பெயர் அது, வைத்ததே தம்பிதான். இரண்டு பேரும் ஒரே நாளில் அந்தக் கிடங்கில் மூட்டை தூக்கச் சேர்ந்தவர்கள். கல்யாணத்துக்கு முன்பு தம்பி குடியிருந்தது ஒட்டடை வீட்டில்தான். ஒட்டடையின் அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிறவள். தம்பிக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது வேலைக்கு லீவு போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து ஈரத்துணி மாற்றியவள். அக்கா போய்ச் சேர்ந்தபோது, "நீ எதுக்கும்மா அவ்வளவு தூரத்துல இருந்து பதறிக்கிட்டு வந்த, நான் இருக்கேன்ல" என்றாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது கூடம் நிறைந்துவிட்டது. கிடங்கிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். கம்பெனிச் சட்டையோடு சுவரோரம் வரிசையாக நின்றார்கள். மாலையை வைத்தார்கள், கும்பிட்டார்கள். ஒருவர் கண்ணிலும் ஈரமில்லை. அக்கா அதைக் கவனித்தாள். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் ஒப்புக்காவது மூக்கை உறிஞ்சுவார்கள். இவர்கள் வாயில் ஏதோ சூடானதை வைத்துக்கொண்டு முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நிற்பவர்களைப்போல நின்றார்கள்.

வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கலாமென்று அடுப்படிக்குப் போனாள். கிடங்குப் பெண்களில் ஒருத்தி பின்னாலேயே வந்து, கேட்காமலேயே தொட்டியில் கிடந்த டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தாள்.

"அக்கா, உங்ககிட்ட சொல்லாமப் போனா எனக்கு சோறு இறங்காது" என்றாள், குழாயைத் திறந்துவிட்டு. "நான் பார்சல்ல ஸ்டிக்கர் ஒட்டுறவ. உங்க தம்பி சார் ரூமுக்குப் பக்கத்துலதான் என் மேஜை."

"சொல்லு."

"உள்ள வந்தா எங்க போனையெல்லாம் லாக்கர்ல வச்சுப் பூட்டிடணும். வீட்ல ஏதாவது ஒண்ணுன்னா சார் போனுக்குத்தான் கூப்பிடுவாங்க. நேத்து மதியம் ஆஸ்பத்திரில இருந்து கூப்பிட்டாங்க. ஒட்டடை அண்ணனோட அம்மாவுக்கு ரொம்ப முடியல, உடனே வரச் சொல்லுங்கன்னு. சார் எழுந்து கதவு வரைக்கும் போனாரு. அங்கேயே நின்னாரு. அப்புறம் திரும்பி வந்து உக்காந்துட்டாரு."

"ஏன்?"

"ஆறு மணி லாரி. ஒரு ஆள் குறைஞ்சாலும் லேட்டாகும். போன வாரம் ஒருநாள் லேட்டாச்சு. எங்க எல்லார் முன்னாடியும் சாரை நிக்க வச்சு மேனேஜர், இன்னொரு தடவை ஆச்சுன்னா நீ பழையபடி மூட்டை தூக்கப் போயிடுன்னுட்டாரு."

அக்கா டம்ளரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"மறுபடியும் கூப்பிட்டாங்கக்கா. அதுக்குள்ள அந்தம்மா போயிட்டாங்க. சார் வாயைப் பொத்திக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தாரு. லாரி போனதும் அவரே மேடைக்குப் போயி சொன்னாரு. இப்பத்தான் போன் வந்துச்சுன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது? சொல்லலையே. மதியமே வந்துச்சுடா, நான்தான் சொல்லலன்னாரு. என் காதால கேட்டேன்."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அக்காதான் மூடினாள்.

அவளுக்கு வேலை பேருந்து நிலையத்து டிக்கெட் கவுண்ட்டரில். பஸ் வராத நாளில் ஜனங்கள் வந்து கண்ணாடியைத் தட்டுவார்கள், குடும்பத்தையே இழுத்துத் திட்டுவார்கள். ஒருமுறை ஒருவன் குடையால் குத்திக் கண்ணாடியை விரிசல் விட வைத்தான். பார்த்தால் சாதுவான ஆள். மாதாந்திரச் சீட்டு வாங்கும்போது நன்றி சொல்லிவிட்டுப் போகிறவன். பஸ்ஸைக் குறைத்தவர்கள் எந்தக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அவளுக்கே தெரியாது. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற முகம் ஒன்றுதான் அவன் கைக்கு எட்டியது.

போன மாதம் தம்பி அவள் வீட்டுக்கு வந்திருந்தான். சாப்பிடும்போது, "சுவத்துல ஒரு ஸ்கிரீன் வச்சிருக்காங்கக்கா. வேகம் குறைஞ்சவன் பேரு சிவப்புல வரும். வாரக் கடைசியில அதுல ஒருத்தனை நான் வேலையை விட்டு அனுப்பியாகணும். கனவுல கூட சிவப்பா வருது" என்றான். "எந்த வேலையிலதான் இல்ல? பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டுடா" என்று அவள் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். அவன் அதைச் சாப்பிட்டான்.

கூடத்தில் மேனேஜர் வந்திருந்தார். சின்ன வயசுதான். நகத்தைச் சதை தெரியக் கடித்திருந்தார். சட்டைப் பையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் அவர் தோள் லேசாகத் தூக்கிப்போட்டது. தம்பி மனைவியின் பக்கத்தில் குனிந்து பேசிக்கொண்டிருந்தவர் அக்காவைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"மேடம், சாயங்காலம் போலீஸ் வருவாங்க. அவன் குடிச்சிட்டு வந்து தகராறு பண்றவன்னு உங்க தம்பி வீட்ல சொல்லியிருப்பாருல்ல? அதைச் சொன்னா போதும். கேஸ் நல்லா நிக்கும்."

"யாரு, ஒட்டடையா?" என்றாள் அக்கா. "என் தம்பி கல்யாணத்துல எல்லாரும் பாட்டிலைத் தூக்கிக்கிட்டு மொட்டைமாடிக்குப் போனப்ப, கீழ தனியா உக்காந்து எலுமிச்சை ஜூஸாக் குடிச்சு வயித்தைக் கெடுத்துக்கிட்டவன் அவன்."

சுவரோரம் யாரோ சிரித்துவிட்டு உடனே இருமினார்கள்.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். கம்பெனி இந்தக் குடும்பத்தைக் கைவிடாது. ஆனா விஷயம் வேற மாதிரி போச்சுன்னா..."

"வேற மாதிரின்னா? மதியம் வந்த போனா?"

சொன்ன பிறகுதான் எங்கே நின்று சொல்லிவிட்டோம் என்று அவளுக்குப் பட்டது. தம்பி மனைவி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன போன்?"

"அப்புறம் சொல்றேன்மா."

"இப்பச் சொல்லுங்க அண்ணி."

அக்கா அவளருகே தரையில் உட்கார்ந்து, கேட்டதைக் கேட்டபடி மெதுவாகச் சொன்னாள். கிடங்கு ஆட்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ தப்பு இவரு மேலங்கறீங்களா?" என்றாள் தம்பி மனைவி. "செத்துக் கிடக்கிறவரு மேல?"

"அப்படிச் சொல்லல."

"வேற என்ன சொல்றீங்க?"

அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். கதவு வரைக்கும் போனவன். அங்கே எவ்வளவு நேரம் நின்றிருப்பான்?

தம்பி மனைவி யாரையும் பார்க்காமல் பேசினாள். "நேத்து காலையிலயும் சாப்பிடாமத்தான் போனாரு. இந்த ஒரு வாரத்தை ஓட்டிட்டா போதும்னாரு. எல்லா வாரமும் அதையேதான் சொல்வாரு." பிறகு மேனேஜரிடம், "நீங்க கிளம்புங்க சார்" என்றாள்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். போன் மறுபடி துடித்தது. எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "சார்... சார்... இல்ல சார்" என்றபடியே படியிறங்கிப் போனார். வெளியே வேன் ஹாரன் அடித்தது. ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாதிப் பேர் போனார்கள். ஸ்டிக்கர் ஒட்டுகிறவள் மீதிப் பேரோடு நின்றுகொண்டாள்.

அவர்கள்தான் தூக்கினார்கள்.

மின் மயானத்தில் அதிக நேரம் ஆகவில்லை. இரும்புக் கதவு மேலே போயிற்று, கீழே வந்தது. தம்பி மனைவியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, உறவுக்காரர் ஒருவரின் காரில் உட்கார வைத்தார்கள். அக்கா ஏறப் போனபோது, பிணவண்டி டிரைவர், "கொஞ்சம் தள்ளிக்கோங்கம்மா, வண்டியைத் திருப்பணும். இன்னொரு இடம் இருக்கு" என்றார்.

"எங்க?"

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி, தண்ணித்தொட்டி சந்து. வயசான அம்மா ஒருத்தங்க. ஒரே மகனாம், அவனும் லாக்கப்ல இருக்கானாம். பக்கத்து வீட்டுக்காரங்கதான் போன் பண்ணாங்க. தூக்கக்கூட ஆள் பத்தாதுன்றாங்க."

அக்கா கார்க் கதவைப் பிடித்தபடி நின்றாள். தம்பி மனைவிக்கும் அது கேட்டிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தம்பி மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடியை மேலே ஏற்றினாள். அக்கா கதவை ஓசைப்படாமல் சாத்தினாள்.

"நானும் வரேன்" என்றாள் டிரைவரிடம்.

"அவங்களுக்கு நீங்க என்ன வேணும்?"

"ஆள் பத்தாதுன்னீங்களே."

டிரைவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு பின்கதவைத் திறந்து, ஸ்ட்ரெச்சரில் ஒட்டியிருந்த பூவிதழ்களைப் புறங்கையால் தள்ளிவிட்டார். அவள் ஏறிப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்ததும் காலி ஸ்ட்ரெச்சர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இடித்துச் சத்தம் போட்டது. திருப்பத்தில் அவள் கையை நீட்டி, அது ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.