கனேல்லாவின் உயரம்

எங்கள் சமவெளியில் இடிந்துபோன பழங்காலக் கோயிலின் மூன்று தூண்கள் நிற்கின்றன. அவற்றை வரையப் பரங்கி ஒருவன் வந்தது அறுவடைக் காலம். பேச்சுக்குத் துணையாக தியோனீசி என்ற தீவுக்காரப் பையனை அழைத்து வந்திருந்தான். தூண் எத்தனை பெரியது என்று பரங்கியின் ஊர்க்காரர்களுக்குப் புரிய, பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டுமாம். ஆண்கள் எல்லோரும் களத்தில் இருந்தார்கள். ஆடு ஓட்டிக்கொண்டு போன என் மகள் கனேல்லாவை நிறுத்திவிட்டார்கள். உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை நூல் பிடித்து, அந்த அளவில் முடிச்சுப் போட்டான் பரங்கி.

எதிர்வீட்டுக் கரூஃபோ அதைப் பார்த்துவிட்டுத் தலைதெறிக்க ஓடிவந்தாள்.

“ஏண்டி வசீலோ, அங்க உன் மகள நூல் புடிச்சு அளக்கறான். நீ மாவு பெசஞ்சுக்கிட்டு இருக்க.”

“அளந்தா என்ன, தேஞ்சா போயிடுவா?”

“பாலம் நெலச்சு நிக்கணும்னு கொத்தனாருங்க அடிக்கல்லுக்குக் கீழ ஒரு ஆள அளந்த நூல வெச்சாங்களே, மறந்துட்டியா? வருஷம் திரும்பல, அந்த ஆள் போய்ச் சேர்ந்தான்.”

வெறும் வாயை மெல்கிறவள் கரூஃபோ. அன்று அவளுக்கு அவல் கிடைத்திருந்தது. நான் மாவைப் பிசைந்து முடித்தேன்.

அந்த வாரமே கனேல்லாவுக்குக் குளிர்க் காய்ச்சல். கோடையில் சதுப்புநிலத்துக் காய்ச்சல் வரி வசூலிக்கிறவனைப் போல வீடு தவறாமல் வரும். கசாயம் வைத்துக் கொடுத்தேன். ஆனால் ஒரு காலையில் அவள் என்னைப் பார்த்து, “நீங்க யாரு?” என்று கேட்டாள். அதன் பிறகு எனக்குக் கரூஃபோ சொன்னதெல்லாம் நம்பத் தகுந்ததாகிவிட்டது.

தூண்களுக்குப் போனேன்.

“தம்பி, எம் மகளோட அளவ அவர்கிட்ட இருந்து வாங்கிக் குடு. படத்துல அவ இருந்தா அந்தத் தாளையும் குடுக்கச் சொல்லு.”

தியோனீசி ஏதோ சொன்னான். பரங்கி சிரித்துக்கொண்டே தாளைத் திருப்பிக் காட்டினான். எங்கள் போரடிக்கும் களம் அதில் இல்லை. சுண்ணாம்புச் சூளை இல்லை. ஊரில் எவரும் கண்டிராத ஒரு பேரீச்ச மரம் நின்றது. தூணடியில் தலைப்பாகை கட்டிய துருக்கன் ஒருவன் சம்மணமிட்டுப் புகை பிடித்துக்கொண்டிருந்தான்.

“இதுல எம் மக எங்க?”

“இல்லக்கா. அவ ஒயரக் கணக்குக்குத்தான் நின்னா. அங்க வாங்கறவங்களுக்குத் துருக்கன் இருந்தாத்தான் புடிக்குமாம்.”

தாளில் அவள் இல்லை என்றதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நூலை மட்டும் வாங்கி வந்து அடுப்பில் போட்டேன். முடிச்சு கடைசியாக எரிந்தது.

கனேல்லா பிழைக்கவில்லை.

எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. குளிரில் மரத்த விரலைக் கடித்துப் பார்ப்பதுபோல அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். எதுவும் வலிக்கவில்லை. மூன்றாம் நாள் கோதுமையை அவித்து, மாதுளை முத்துகள் கலந்து, செத்தவர்களுக்காகச் செய்யும் வழக்கப்படி எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே நடந்தேன். வாங்கியவர்கள் “ஆண்டவர் பொறுத்தருளட்டும்” என்றார்கள். கால்கள் தூண்களில் கொண்டுபோய் விட்டன.

பரங்கியும் ஒரு கை வாங்கினான். ருசியாக இருக்கிறது என்று தலையாட்டினான். அது யாருக்காக அவித்த கோதுமை என்று தியோனீசி காதில் சொன்னதும் மெல்லுவதை நிறுத்திவிட்டான். துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. அவன்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். அதுவும் வரவில்லை.

“அவள வரைஞ்சு குடுக்கச் சொல்லு, தம்பி. அவ மொகம் எங்கிட்ட எதுலயும் இல்ல.”

இருவரும் பேசிக்கொண்டார்கள்.

“மொகம் அவருக்கு ஞாபகம் இல்லியாம்க்கா. நீ சொல்லச் சொல்ல வரைவாராம். ஒயரத்துக்கு மட்டும் அந்த நூலக் கொண்டாரச் சொல்றாரு. அதுல சரியா இருக்குமாம்.”

“எரிச்சுட்டேன்.”

தியோனீசி அதை அவனிடம் சொன்னான்.

“சரிக்கா, கையால காட்டு. அவ நின்ன எடத்துல.”

தூணருகே போய்க் கையை உயர்த்தினேன். என் காதுக்கு வந்திருந்தாளா, தோளைத்தான் தாண்டியிருந்தாளா? அந்தக் கோடையில்தான் அவள் வளரத் தொடங்கியிருந்தாள். கையைக் கொஞ்சம் இறக்கினேன், மறுபடி ஏற்றினேன். பரங்கி பென்சிலோடு காத்திருந்தான். கை எங்கேயும் நிற்கவில்லை.